நிலத்துக்கு அடியில் ஒரு கற்பூரம்

"யாழ்ப்பாணத்துப் பொம்பிளை நீங்கள், ஜெர்மன்காரன்ர சுரங்கத்துக்குள்ள எப்பிடியக்கா போனியள்?" இதைக் கேட்காத தமிழரை நான் இந்த நாட்டில் இன்னும் சந்திக்கவில்லை. "வாசலாலதான்" என்பது என் பதில். அதற்கு மேலும் கேட்கிறவர்களுக்குத் தேத்தண்ணி போட்டுக் கொடுத்து மிச்சத்தைச் சொல்வேன்.

இப்போது எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் என் பழைய வேலையிடத்து இளசுகள். அங்கே வருகிறவர்களுக்குக் காதில் மாட்டும் கருவி ஒன்று வந்துவிட்டது. பொத்தானை அமுக்கினால் விரும்பிய மொழியில் சுரங்கத்தின் கதையைச் சொல்லும். வழிகாட்டி சும்மா கூட நடந்தால் போதும். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள் என்னைக் கோப்பிக்குக் கூப்பிட்டு, "இது உங்கள் காலத்தில் இருந்திருந்தால் எவ்வளவு சுகமாக இருந்திருக்கும்!" என்றார்கள். "நல்ல சாமான்தான். ஆனால் ஒரு நாள் நான் அதை நம்பியிருந்தால் ஒரு மனுசியைத் தொலைத்திருப்பேன்" என்றேன். கோப்பி ஆறிப்போனது. அவர்களுக்கு ஜெர்மனில் சொன்னதை இங்கே தமிழில் எழுதுகிறேன்.

எங்கள் ஊர் ஹார்ட்ஸ் மலையில் இருக்கிறது. ஹனோவரிலிருந்து காரில் வருகிறவர்கள், "இஞ்சயும் சனம் இருக்குதோ?" என்று கேட்டபடிதான் இறங்குவார்கள். சரிவான கூரை வீடுகள், ஒரு தேவாலயம், ஒரு பேக்கரி, சுற்றிவர ஊசியிலைக் காடு. அவ்வளவுதான் ஊர். ஆனால் நிலத்துக்கு அடியில் இன்னொரு ஊர் உண்டு. பல நூறு வருடங்களாக வெள்ளியும் ஈயமும் செம்பும் தோண்டிய சுரங்கம் அது. தோண்டுவதை நிறுத்திய பிறகு அதைச் சனம் பார்க்கத் திறந்துவிட்டார்கள். தமிழர் வந்தால் முதல் கேள்வி, "தங்கம் எங்கயக்கா?" என்பதாகத்தான் இருக்கும். "இருக்குது. ஒரு மோதிரம் செய்யிறதெண்டா ஒரு மலையை உடைக்க வேணும், உடைக்கிறியளோ?" என்பேன். சிரித்துவிட்டு, சுவரை மெல்லத் தடவிப் பார்த்துக்கொண்டு வருவார்கள். ஆசை யாரை விட்டது.

என் கணவருக்கு அந்த ஊர் மர ஆலையில் வேலை கிடைத்ததால் நாங்கள் அங்கே போனோம். எனக்குச் சுரங்க வாசலில் இருந்த கட்டிடத்தில் துப்புரவு வேலை. நிலம் துடைப்பது, கழிப்பறை கழுவுவது, பார்வையாளர் கழற்றி வைக்கும் ஹெல்மெட்டுகளை மருந்துத் தண்ணீரில் துடைத்து அதனதன் கொளுக்கியில் மாட்டுவது. ஒரு நாள் வழிகாட்டி வராமல் ஒரு பள்ளி ஆசிரியர் கூட்டம் கோபத்தோடு நின்றது. நான் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, அவர்களைச் சமாளிக்கச் சுரங்கத்தின் கதையைச் சொல்லத் தொடங்கினேன். தினமும் காதில் விழுந்த கதைதானே. முடித்துத் திரும்பினால் பின்னால் ஸ்டைகர் ஹென்னிங் நிற்கிறார். ஸ்டைகர் என்றால் நிலத்துக்கு அடியில் வேலையை மேற்பார்க்கிறவர். சுரங்கம் ஓடிய காலத்தில் அந்தப் பதவியில் இருந்தவர், இப்போது வழிகாட்டிகளுக்குத் தலைவர்.

"ஒரு இடத்தில் பிழை. மற்றதெல்லாம் சரி. திங்கட்கிழமை உள்ளே வாருங்கள்" என்றார். எந்த இடம் பிழை என்று அவர் கடைசிவரை சொல்லவில்லை.

அதற்குப் பிறகு படிப்பு, பரீட்சை, முதலுதவிச் சான்றிதழ் எல்லாம் வந்தன. அவற்றை எழுதினால் எனக்கே கொட்டாவி வரும். சொல்ல வேண்டியது ஹென்னிங்கைப் பற்றித்தான். நெடிய மனிதர், உள்ளே நடந்து நடந்து கொஞ்சம் கூன் விழுந்தவர். நிலத்துக்கு மேலே எல்லோரையும் "நீங்கள்" என்பார். வாசலைத் தாண்டி உள்ளே காலெடுத்து வைத்ததும் "நீ" ஆகிவிடும். அது சுரங்கத்து வழக்கம். உள்ளே முதலாளியும் இல்லை, கூலியும் இல்லை, எல்லோர் தலைக்கு மேலும் ஒரே கல்தான். ஹென்னிங் ஒருவருக்காகவும் காத்து நிற்கிற ஆளும் இல்லை. எங்களை உள்ளே கொண்டுபோகும் குட்டி ரயில் புறப்படும் நேரத்துக்கு மேயர் வராவிட்டால் மேயர் வெளியேதான். ஒரு தடவை அப்படியே நடந்தது.

காலையில் சனம் வருமுன் நாங்கள் இருவரும் முழுப் பாதையையும் நடந்து பார்ப்போம். அவர் கையில் ஒரு நீண்ட இரும்புக் கம்பி. நடந்துகொண்டே மேற்கல்லைத் தட்டுவார். இறுகிய கல் கணீர் என்று சொல்லும். உள்ளே விட்டுப்போன கல் பொத்தென்று சொல்லும். தேங்காயைத் தட்டிப் பார்த்து வாங்கிப் பழகினவளுக்கு இது பெரிய வித்தையா? இரண்டாம் கிழமையே அவருக்கு முன் நான் நின்று, "இஞ்ச" என்று காட்டினேன். பொம்பிளை உள்ளே வந்தால் கூடாது என்று முணுமுணுத்த பழைய சுரங்கக்காரர் சிலர் இருந்தார்கள். ஹென்னிங் சுரங்கத்துக்குள் வைத்தே அவர்களிடம், "அவளுக்குச் சத்தம் கேட்கிறது. உங்களில் பாதிப் பேருக்குக் கேட்காது" என்றார். அதோடு அந்தப் பேச்சு அடங்கியது.

அவர் எனக்குப் பழக்கிய முறைகளில் முக்கியமானது கடைசி விளக்கு. கூட்டத்துக்கு முன்னால் வழிகாட்டி விளக்கோடு போவார். பின்னால் வருகிற ஒருவரைத் தெரிந்தெடுத்து அவர் கையில் இன்னொரு விளக்கைக் கொடுக்க வேண்டும். அவர்தான் கடைசி. அவருக்குப் பின்னால் ஒருவரும் நிற்கக் கூடாது. ஒவ்வொரு வளைவிலும் வழிகாட்டி, "கடைசி?" என்று கூப்பிடுவார். "கடைசி இங்கே" என்று பதில் வந்த பிறகுதான் அடுத்த அடி. பதில் வராவிட்டால் வழிகாட்டி அந்த இடத்திலேயே நிற்க வேண்டும். இன்னொரு விதியும் உண்டு. விளக்கு அணைந்து தனித்துப் போனால் நின்ற இடத்தை விட்டு அசையக் கூடாது. அசைந்தவரைத் தேடுவதுதான் கஷ்டம், அசையாதவர் தானாகவே கிடைப்பார் என்பார் ஹென்னிங்.

இனி அந்த நாளுக்கு வருகிறேன். கோடை விடுமுறை. ஹனோவரிலிருந்து ஒரு தமிழ்ச் சங்கம் பஸ் பிடித்து வந்தது. தமிழிலேயே சுரங்கத்தைச் சுற்றிக் காட்டுவது என்று நான் கேட்டுக் கேட்டு வாங்கிய முதல் நாள் அது. மேலாளர் அரை மனதோடுதான் சம்மதித்திருந்தார். "ஒரு முறை பார்ப்போம். ஏதாவது குழப்பம் வந்தால் இத்தோடு சரி, நீங்கள் டிக்கெட் கவுண்டருக்குத்தான்" என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார். அதனால் எனக்கு அது சும்மா ஒரு சுற்றுலா நாள் இல்லை. நான் சேலை உடுத்து, அதன் மேல் சுரங்கத்து ஜாக்கெட் போட்டு, ராணி மாதிரி நின்றேன்.

கடைசி விளக்கைக் குகன் அண்ணையிடம் கொடுத்தேன். சங்கத்துப் பொருளாளர், பொறுப்பான மனிதர். கூட்டத்தில் மூத்தவர் பாக்கியம் அக்கா. எண்பதை எட்டியவர், இருதயத்துக்குக் குளிசை போடுகிறவர், ஆனால் நடையில் என்னையும் வெல்வார். மகள் சுமதியோடு வந்திருந்தார்.

உள்ளே பாதை ஒருவழிப் பாதை. ரயிலில் போய் இறங்கி, ஒரு நீண்ட குகைவழியே நடந்து, பழைய இயந்திர மண்டபத்தைப் பார்த்து, படியேறி வேறு வாசலால் வெளியே வருவது. குகைவழியின் முடிவில் கல்லைக் குடைந்த மாடத்தில் பர்பராவின் சிலை இருக்கிறது. கையில் ஒரு கோபுரத்தோடு நிற்கும் கிறிஸ்தவப் புனிதர். ஜெர்மன்காரருக்கு நான் அவளைப் பற்றிச் சொல்வதை அப்படியே தமிழில் சொன்னேன்.

"இவதான் சுரங்கத் தொழிலாளரின்ர காவல் தெய்வம். உள்ள போறவை எல்லாரும் இவவைப் பாத்திட்டுத்தான் போவினம்."

சொல்லிவிட்டு அடுத்த மண்டபத்துக்கு நடந்தேன். எங்கள் சனத்திடம் காவல் தெய்வம் என்று சொல்லிவிட்டுச் சும்மா கடந்து போக முடியுமா? அது அந்த நேரத்தில் எனக்கு உறைக்கவில்லை.

நாங்கள் மண்டபத்துக்குள் நுழைந்து சிறிது நேரத்தில் அபாயச் சங்கு அலறத் தொடங்கியது. எங்கோ புகை. புகை உணரும் கருவி கத்தினால் அந்தக் குகைவழியின் மின்சாரம் தானாக நின்றுவிடும், இடையில் உள்ள இரும்புக் கதவும் தானாக மூடிக்கொள்ளும். எங்களுக்குப் பின்னால் அந்தக் கதவு மூடிய சத்தத்தில் பெண்கள் வீரிட்டார்கள்.

"ஒருத்தரும் ஓடக் கூடாது! என்ர முதுகைப் பாத்துக்கொண்டு வாங்கோ!" என்று கத்தினேன். "கடைசி?"

"கடைசி இஞ்ச!" என்றது குகன் அண்ணையின் குரல்.

பதில் வந்துவிட்டது. முறைப்படி கூட்டத்தை நடத்திக்கொண்டு படியேறி வெளியே வந்தேன். ஒருவரையும் விழவிடவில்லை, ஒரு ஆளைக்கூட மூச்சுவாங்க விடவில்லை. வெயிலில் எல்லோரும் ஹெல்மெட்டைக் கழற்றிக் கொடுத்தார்கள். நான் ஒவ்வொன்றாகக் கொளுக்கியில் மாட்டினேன். முடிவில் ஒரு கொளுக்கி வெறுமையாக நின்றது.

வருடக் கணக்காக அந்தக் கொளுக்கிகளைப் பார்த்தவள் நான்.

"அம்மா எங்க? என்ர அம்மா எங்க?" என்று சுமதி கதறினாள்.

குகன் அண்ணையின் முகம் சாம்பல் நிறமாகிவிட்டது. "பாக்கியம் அக்கா சிலையடியில நிண்டவ. சப்பாத்தைக் கழட்டிப்போட்டு, 'நீங்கள் போங்கோ தம்பி, நான் கும்பிட்டிட்டு வாறன்' எண்டவ. கும்பிடுற ஆளைக் கெதியா வாங்கோ எண்டு எப்பிடிச் சொல்லுறது? கதவுக்கு இஞ்சால வந்து நிண்டனான். அதுக்குள்ள சங்கு ஊதிப்போட்டுது. பயத்தில பழக்கத்துக்குச் சொல்லிப்போட்டன், தங்கச்சி!"

அவரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. அந்த இடத்தில் எந்தத் தமிழனும் அதைத்தான் செய்திருப்பான்.

ஹென்னிங் ஓடி வந்தார். மற்ற வாசலில் நின்றவர், செய்தி கேட்டு வந்திருந்தார். தீயணைப்புப் படை பள்ளத்தாக்கிலிருந்து புறப்பட்டுவிட்டது என்றார். முகமூடி போட்டவர்கள் வரும்வரை ஒருவரும் உள்ளே போகக் கூடாது, அதுதான் விதி.

"தனியாக விடப்பட்டவர்கள் பயத்தில் பக்கக் குகைகளுக்குள் நுழைந்துவிடுவார்கள். வந்ததும் முதலில் அங்கேதான் தேடவேண்டும்" என்றார். பக்கக் குகைகள் என்றால் பழைய காலத்து வெட்டுக்கள். ஆழம் தெரியாத கிணறுகள் உள்ள இடம். அங்கே தேடத் தொடங்கினால் பொழுது போய்விடும். இருட்டில் ஒரு இருதயக்காரி அவ்வளவு நேரம் தாங்குவாளா?

"அவ பக்கக் குகைக்குப் போகேல்ல" என்று தமிழில் சொல்லிவிட்டு, பிறகு ஜெர்மனுக்கு மாறினேன். "பர்பராவுக்கு முன்னால்தான் இருக்கிறா. அசைந்திருக்க மாட்டா."

"எப்படித் தெரியும்?"

நான் சுமதியைப் பார்த்தேன். "அம்மாவின்ர பையில என்ன இருந்தது, பிள்ளை?"

"கற்பூரம்..." என்றாள் அழுகைக்கு நடுவே. "அவ எங்க போனாலும் கொண்டுபோவா."

அவ்வளவுதான். எனக்கு முழுப் படமும் தெரிந்துவிட்டது. ஹென்னிங்குக்கு விளக்கினேன். அது பூசைக்கு ஏற்றும் ஒரு கட்டி. தானே எரிந்து தானே அடங்கும், மிச்சம் ஒன்றும் இராது. கரும்புகை வரும், ஆனால் எதையும் பற்ற வைக்காது. ஏற்றியவர் அதை ஊதி அணைக்க மாட்டார், அது பெருங்குற்றம். எரிகிற கற்பூரத்துக்கு முதுகு காட்டிவிட்டு ஓடவும் மாட்டார். சங்கு ஊதினாலும் சரி, மலை சரிந்தாலும் சரி, அது அடங்கும்வரை கைகூப்பிக்கொண்டு நிற்பார். அடங்கும்போது மின்சாரமும் நின்றிருக்கும். வெறுங்காலோடு, கும்மிருட்டில், அந்த வயதில் ஒரு அடி எடுத்து வைக்கமாட்டார்.

ஹென்னிங் ரயில் வாசலுக்குப் போனார். கோடையில் சுரங்கத்தின் குளிர்க்காற்று அந்த வாசலால் வெளியே வரும். கண்ணை மூடிக்கொண்டு அந்தக் காற்றை மோந்து பார்த்தார்.

"மரம் இல்லை. வயர் இல்லை. எண்ணெய் இல்லை" என்றார். அவர் வாழ்நாளில் சுரங்கத்துக்குள் எரிந்ததெல்லாம் அந்த மூக்குக்குத் தெரியும். "இது என்ன வாசனை?"

எனக்கு மோந்து பார்க்கவே வேண்டியிருக்கவில்லை. கோவில் வாசலில் நிற்பது போல இருந்தது. "இதுதான்" என்றேன்.

காற்றை அளக்கும் கருவியைக் கழுத்தில் மாட்டினார். "நீங்கள் வெளியே நில்லுங்கள்" என்றார்.

"நான் கொண்டுபோன ஆள். நான்தான் கொண்டுவர வேணும்."

என்னை ஒரு முறை பார்த்தார். வாசல் கோட்டைத் தாண்டினார். "என் பின்னால் வா" என்றார்.

ரயிலை எடுக்கவில்லை, தண்டவாளத்தில் நடந்தோம். அவர் இரண்டடிக்கு ஒரு முறை கருவியைப் பார்த்தார், நான் மேற்கல்லின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு வந்தேன். எனக்குப் பயமாக இருந்ததா என்று கேட்டால், ஓம், இருந்தது. ஆனால் வழி பிழைத்துவிட்டதோ என்ற பயம் இல்லை. உயிரோடு இருப்பாரா என்ற பயம். குகைவழி முடியும் இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு சோடி சப்பாத்து, முனைகள் வெளிப்பக்கம் பார்க்க, ஒழுங்காகச் சுவரோரம் இருந்தது. அதைக் கண்டதும் என் கண் நிறைந்துவிட்டது.

ஹென்னிங்கின் விளக்கு மாடத்தைத் தொட்டது. பர்பராவுக்கு முன்னால், ஈரக் கல்லில், சேலைத் தலைப்பைத் தோளில் போர்த்துக்கொண்டு பாக்கியம் அக்கா சம்மணம் கட்டி இருந்தார். தலையில் ஹெல்மெட். உதடுகள் எதையோ உச்சரித்துக்கொண்டிருந்தன.

"அக்கா!"

"வந்திட்டியே, பிள்ளை?" என்றார், ஏதோ நான் கடைக்குப் போய்ச் சுணங்கி வந்தது போல. "வெளிச்சம் நிண்டுபோச்சு. சப்பாத்து எங்க எண்டு தெரியேல்ல. எழும்பினா விழுந்து துலைப்பன் எண்டு அப்பிடியே இருந்திட்டன்."

"உள்ள நெருப்புப் பத்தக் கூடாதெண்டு சொன்னனான் எல்லோ?"

"சிகரெட் பத்தக் கூடாதெண்டுதான் சொன்னனீ. கற்பூரத்தைப் பற்றி ஒண்டும் சொல்லேல்லையே." பிறகு, "காவல் தெய்வம் எண்டு நீதானே சொன்னனீ? வெறுங்கையோட போகலாமோ?" என்றார்.

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. நாடியைப் பிடித்துப் பார்த்தேன். எனக்கு அடித்துக்கொண்டதைவிட நிதானமாக அடித்தது.

ஹென்னிங் அவரைத் தூக்கக் குனிந்தார். பாக்கியம் அக்கா கையை உயர்த்தினார்.

"பொறுங்கோ" என்றார். தொடங்கியதை இன்னும் முடிக்கவில்லையாம்.

"என்ன சொல்கிறார்?" என்று ஹென்னிங் கேட்டார். சொன்னேன். மேயருக்குக்கூட நிற்காத மனிதர் விளக்கைத் தாழ்த்திக்கொண்டு நின்றார். அக்கா சொல்லி முடித்து, விழுந்து கும்பிட்டு, சாம்பல் கூட மிஞ்சாத கல்லைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு எழும்பும்வரை அவர் விளக்கை உயர்த்தவில்லை.

அடுத்த நாள் மேலாளரின் அறையில் கூட்டம். அவர் கோபமாக இருந்தார், அதில் பிழையும் இல்லை. தீயணைப்புப் படை வீணாக வந்துபோனது, பத்திரிகைக்காரர் போன் எடுத்துவிட்டார். இனிமேல் அந்நிய மொழியில் சுற்றுலா வேண்டாம், நான் கவுண்டருக்குப் போகலாம் என்றார். நான் சொல்ல வைத்திருந்ததையெல்லாம் சொன்னேன். கற்பூரத்தை வாசலுக்கு வெளியே ஏற்ற ஒரு இடம் கொடுத்தால் அது உள்ளே வராது என்றும் சொன்னேன். அவர் தலையாட்டவில்லை.

அப்போது ஹென்னிங் எழும்பினார். கூட்டங்களில் அவர் பேசி நான் பார்த்ததில்லை.

"ஒருவரைத் தவிர எல்லோரையும் அவள் வெளியே கொண்டுவந்தாள். அந்த ஒருவர் எங்கே இருக்கிறார் என்றும் அவளுக்குத் தெரிந்திருந்தது. வழிகாட்டியிடம் எனக்கு வேறு என்ன வேண்டும்?"

"மறுபடி நடந்தால்?" என்றார் மேலாளர்.

"மறுபடியும் அவளுக்குத் தெரிந்திருக்கும்."

நிலத்துக்கு மேலே அவர் என்னை "அவள்" என்று சொன்னது அந்த ஒரு நாள்தான். நான் கவுண்டருக்குப் போகவில்லை. ரயில் வாசலுக்குப் பக்கத்தில் ஒரு சிறிய பர்பரா வந்தாள். முன்னால் ஒரு மணல் தட்டு, பக்கத்தில் சப்பாத்து வைக்க ஒரு பலகை. தமிழர் கற்பூரம் ஏற்றிவிட்டு நிம்மதியாக உள்ளே வருவார்கள். இப்போது ஜெர்மன்காரரும் அந்தத் தட்டில் மெழுகுதிரி குத்திவிட்டுப் போகிறார்கள். பாக்கியம் அக்கா ஒவ்வொரு கோடையும் வந்து, பர்பராவுக்குப் பொட்டு வைத்துவிட்டுப் போவார்.

போன வருடம் என் கடைசி வேலை நாள். ஹென்னிங் ஓய்வு பெற்று நீண்ட காலம், பொல்லு ஊன்றி நடக்கிறார். அன்றைக்கு டிக்கெட் வாங்கிக்கொண்டு வரிசையில் வந்து நின்றார். முன்னால் வாருங்கள் என்றேன். தலையை ஆட்டி மறுத்து, கை நீட்டிக் கடைசி விளக்கைக் கேட்டார். கொடுத்தேன்.

ஒவ்வொரு வளைவிலும் "கடைசி?" என்று கூப்பிட்டேன். "கடைசி இங்கே" என்று அந்தக் கரகரத்த குரல் வந்தது. பர்பராவைக் கடந்து மண்டபத்து வாசலுக்கு வந்து, மறுபடி கூப்பிட்டேன்.

"கடைசி?"

பதில் இல்லை. அவர் பழக்கிய முறைப்படி அந்த இடத்திலேயே நின்றேன். திரும்பிப் பார்த்தால், குகைவழியின் சுவரோரம் ஒரு சோடி கனத்த சப்பாத்து, முனைகள் வெளிப்பக்கம் பார்க்க. மாடத்துக்கு முன்னால் காலுறையோடு, விளக்கைத் தாழ்த்திப் பிடித்துக்கொண்டு ஹென்னிங்.

"பொறுங்கோ" என்றார்.

அவர் தமிழில் சொன்னது புரியாமல், கூட்டத்தில் நின்றவர்கள் என்ன நடக்கிறது என்று என்னைக் கேட்டார்கள். நான் பொறுத்தேன்.